ராமலிங்கம் குடித்த சாராயம்

நெய்வேலியில் அந்த நாளில் மனிதர்கள் இரண்டே ஜாதி. பர்மனென்ட் ஒரு ஜாதி, காண்ட்ராக்ட் ஒரு ஜாதி. முதல் ஜாதிக்குக் குவார்ட்டர்ஸ், குழாயைத் திருகினால் தண்ணீர், ஆஸ்பத்திரிச் சீட்டு, பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும் மாமனார்கள். இரண்டாவது ஜாதிக்கு மேஸ்திரியின் வாய். சாமியம்மாளும் அவள் புருஷன் ராமலிங்கமும் நாலு வருஷமாக இரண்டாவது ஜாதியில் கிடந்தார்கள். அவர்களுடைய குடிசையும் அரைக்காணி நிலமும் இருந்த இடத்தில் இப்போது ஜெர்மன்காரன் மிஷினின் சக்கரம் சுற்றி மண்ணை வாரிக்கொண்டிருந்தது. நிலத்துக்குப் பதில் வீட்டுக்கு ஒரு வேலை என்று பேச்சு. லிஸ்ட் நீளமாக இருக்கிறது, முறை வரட்டும் என்றார்கள். முறை வரும்வரை வயிறு காத்திருக்காது என்பதால் தனகோடி என்ற காண்ட்ராக்டரிடம் இரண்டு பேரும் கூலிக்குப் போனார்கள். அவன் கடப்பாறை பிடித்தான், அவள் சித்தாளாகக் கலவை சுமந்தாள்.

நிலக்கரி வெளியே வந்து இரண்டு வருஷம் ஆன அந்தச் சித்திரையில் முறை வந்தே விட்டது. லிஸ்டில் ராமலிங்கம் பெயர் ஏறியிருப்பதை முதலில் ஓடிவந்து சொன்னவள் கூட வேலை செய்யும் கனகம். பம்ப் செக்ஷனில் கலாசி என்கிற உதவியாள் வேலை. திங்கட்கிழமை டாக்டர் உடம்பைப் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார்; அது முடிந்தால் கையில் ஆர்டர். சாமியம்மாள் அன்று ராத்திரி ஆனந்தத்தில் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வைத்தாள் என்றால் வீட்டுக்குள் இல்லை. அவள் கருவாட்டுச் சட்டிக்கு வேலிக்கு வெளியேதான் குடித்தனம். ராமலிங்கம் ஆறு வருஷத்துக்கு முன்னால் தைப்பூசத்தில் வடலூர் போய் ஜோதி பார்த்துவிட்டு வந்தவன். புலால் இல்லை, குடி இல்லை என்று அங்கேயே சத்தியம் செய்துவிட்டான். சத்தியம் செய்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர். காப்பாற்றுகிற கிறுக்கு இவன் ஒருவன்தான் என்று சாமியம்மாளே சொல்லிச் சிரிப்பாள்.

திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இருந்தது. தனகோடிக்குச் சாரம் கட்டச் சவுக்குக் கழி வேண்டும். காடாம்புலியூரில் வாங்கிப் போட்டிருந்ததை ஏற்றிவர லாரி போயிற்று. ராமலிங்கம், சாமியம்மாள், கனகம், பாவாடை என்று நாலு ஆள். எட்டு மாதக் கைக்குழந்தை அம்சவல்லியைப் பக்கத்துக் குடிசைச் சின்னம்மாளிடம் விட்டுவிட்டு சாமியம்மாளும் ஏறினாள். இதுதான் காண்ட்ராக்டுக்குக் கடைசிக் கூலி என்று ராமலிங்கம் சொன்னான். அவன் வாயில் சனி இருந்தது.

அப்போது சென்னை ராஜ்யம் முழுக்க மதுவிலக்கு. ஆகவே யாரும் குடிக்கவில்லை. சித்திரை மாதம் காடாம்புலியூர்ப் பக்கத்து முந்திரித் தோப்புகளில் பழம் சிவந்து உதிர்ந்து கிடக்கும். அதைப் பானையில் ஊறப் போட்டவர்களும் குடிக்கவில்லை, ஊறியதைக் காய்ச்சி இறக்கியவர்களும் குடிக்கவில்லை. கழி ஏற்றி முடித்ததும், கொல்லைக்குப் போய்வருகிறோம் என்று டிரைவர் மருதாசலமும் பாவாடையும் தோப்புக்குள் போனார்கள். அரை மணி கழித்துக் கண் சிவந்து வந்தார்கள். வெயில் கொடுமை என்றார்கள்.

மருதாசலம் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். கெட்டவன் என்று சொல்ல முடியாது, அதுதான் வயிற்றெரிச்சல். வழியில் நடந்து போகும் கிழவிகளைக் கூப்பிட்டு ஏற்றிக்கொள்வான். பெண்களை அம்மிணி என்பான். ஒரு கிளாஸ் உள்ளே போனால்தான் அவன் கைக்கு ஸ்டியரிங் பேசும் என்று தனகோடியின் கூலிக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். சொந்த மாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி அதில் ஒரு கர்வம். அவர்கள் எல்லோரும் அந்த லாரியின் மேல்தான் உட்கார்ந்து போகிறார்கள் என்பது அவர்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

ராமலிங்கம் ஒருவன்தான் போய் அவன் முகத்தைப் பார்த்தான். "மருதாசலம், செத்த நேரம் நெழல்ல படுத்துட்டுப் போவலாம்" என்றான். மூன்று மணிக்குள் கழி வரவில்லை என்றால் முதலாளி தோலை உரித்துவிடுவார் என்று மருதாசலம் சிரித்தான். சாமியார் வந்துட்டாருடா என்று பாவாடை சிரித்தான். சாமியம்மாளும் சிரித்தாள். உனக்கு எதற்கெடுத்தாலும் பயம்தான் மாமா என்று சொல்லிவிட்டு, அவள்தான் முதலில் லாரியில் ஏறினாள். பிற்பாடு அந்தச் சிரிப்பை நினைத்து அவள் எத்தனையோ தடவை தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

பண்ருட்டி ரோட்டில் எதிரே மாட்டு வண்டி வரவில்லை. ஆடு குறுக்கே ஓடவில்லை. டயர் வெடிக்கவில்லை. ரோடு வளைந்தது, மருதாசலம் வளைக்கவில்லை, அவ்வளவுதான். லாரி நேரே போய்ப் புளியமரத்தில் முட்டியது. கயிறு அறுந்து கழிகள் சரிந்தன. மேலே உட்கார்ந்திருந்தவர்களில் மூன்று பேர் மணலில் போய் விழுந்து சிராய்ப்போடு எழுந்தார்கள். ராமலிங்கத்தின் வலது கால் மட்டும் மரத்துக்கும் கழிக் கட்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது.

அவனை உருவி எடுத்துப் போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே பார்க்கிற மாதிரி ஒன்றும் இல்லை. சாமியம்மாள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள். மருதாசலத்துக்கு ஒரு கீறல் இல்லை. அவன் சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பாதி இருந்த சீசாவை எடுத்துவந்து அவள் கையில் திணித்தான்.

"ஊத்து அம்மிணி. வலி தெரியாது."

அந்தப் பக்கத்து உழைக்கிற சனங்களுக்குச் சாராயம் பாதி மருந்து. பிள்ளை பெற்றவளுக்கு மிளகையும் வெல்லத்தையும் தட்டிப் போட்டு அரை டம்ளர் கொடுப்பார்கள். மரமேறி விழுந்தவனுக்குக் கொடுப்பார்கள், தேள் கொட்டியவனுக்குக் கொடுப்பார்கள். அம்சவல்லி பிறந்தபோது சாமியம்மாளே குடித்திருக்கிறாள். அவள் குடித்த மூன்று நாளும் ராமலிங்கம் வீட்டுக்குள் வராமல் வேப்பமரத்தடியில் படுத்துக் கிடந்தான். ஆகவே அவள் யோசிக்கவில்லை. காயத்தில் கொஞ்சம் ஊற்றினாள், மீதியை அவன் வாயில் ஊற்றினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். வலியில் ஆட்டுகிறான் என்று நினைத்தாள். கட்டைவிரலை விட்டுப் பல்லை நெம்பித் திறந்து ஊற்றினாள். அது அவன் சட்டையெல்லாம் வழிந்தது. நீ நல்லா இருக்கணும் அண்ணா என்று மருதாசலத்தைப் பார்த்து வேறு சொன்னாள். அவன் காலி சீசாவை வாங்கி மூங்கில் புதரில் எறிந்தான். போன் பண்ணிவிட்டு வருகிறேன் என்று போனவன் போனவன்தான்.

அந்த வழியாக வந்த ஒரு வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் குனிந்து பார்த்தார், மூக்கைச் சுளித்தார், கேஸ் சீட்டில் எழுதினார். காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள். மருதாசலம் மறுநாள் சாயங்காலம் தனகோடியோடு வந்தான். தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, வெற்றிலை போட்டு, கோவிலுக்குப் போய்வந்தவன் மாதிரி நின்றான். குடித்தவன் மேல் வாசனை இல்லை. குடிக்காதவன் மேல் இருந்தது. சட்டத்துக்குக் கண் கிடையாது என்பார்கள். அன்றைக்கு மூக்கு மட்டும் இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். விபத்து டிரைவரால் வந்தது என்று எழுதினால் தனகோடி நஷ்டஈடு கட்டவேண்டும். ராமலிங்கத்தின் பெயரும் லிஸ்டில் நிற்கும். பம்ப் ஹவுசில் உட்கார்ந்து சுவிட்ச் போடுகிற வேலைக்கு இரண்டு கால் வேண்டியதில்லை, ஒத்தைக் கால்காரன் ஒருவன் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறான் என்று ஆபீசில் ஒரு கிளார்க்கே சொன்னார். ஆனால் குடித்துவிட்டுக் கழி மேலிருந்து தானே விழுந்தான் என்று எழுதினால் இரண்டும் இல்லை. டாக்டர் சீட்டில் சாராய வாசனை என்று இருந்தது. தனகோடி கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலில் வைத்துவிட்டு, சீட்டில் அப்படி இருக்கும்போது தான் என்ன செய்யமுடியும் என்று சாமியம்மாளிடம் மிகவும் வருத்தப்பட்டார். போகும்போது வராந்தாவில் நின்று இன்னொன்றும் சொன்னார். சீசா கீசா என்று யாராவது பேச்செடுத்தால், அது யார் சீசா என்று போலீஸ் கேட்கும். கேட்டால் உள்ளே போகிறவள் கையில் வைத்திருந்தவள்தான்.

ராமலிங்கத்துக்கு நினைவு தெளிந்ததும் கால் போனதைப் பார்த்து அழுதான். அழுது முடித்துவிட்டு நாக்கை நீட்டி விரலால் துடைத்தான். அந்த நாற்றம் அவனுக்கு இன்னும் அங்கே இருந்தது. மருதாசலம்தான் ஊற்றியிருக்கிறான் என்று அவனாகவே முடிவுகட்டிக்கொண்டான்.

"எவன் என் வாயில ஊத்துனானோ, அவங் கை வெளங்காம பூடும்" என்றான்.

சாமியம்மாள் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கால் போனவனிடம் போய் உன் சத்தியமும் என் கையால்தான் போச்சு என்று எப்படிச் சொல்வது? இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஆடி மாதம் வந்துவிட்டது. ஆடியில் விசாரணை வந்தது.

டவுன்ஷிப்பில் காலியாகக் கிடந்த ஒரு குவார்ட்டர்சில் மேஜை போட்டு விசாரணை நடந்தது. விசாரித்த ஆபீசர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், பொறுமையானவர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு எல்லோரையும் வாங்க போங்க என்றே பேசினார். பொறுமையானவர்கள் கையால் நடக்கிற அநியாயம் கோபக்காரர்களால் ஆகாது. ராமலிங்கம் கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சாமியம்மாள் அம்சவல்லியை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். தனகோடிக்குப் பதில் அவருடைய கணக்குப்பிள்ளை கலியமூர்த்தி வந்திருந்தார்.

மருதாசலத்தைக் கேட்டார்கள். "எனக்குக் குடிக்கிற பழக்கமே இல்லீங்க. மதுவிலக்கு இருக்குதுங்களே" என்றான். முன்னால் போன லாரியின் புழுதி கண்ணை மறைத்தது என்றான். ராமலிங்கத்தைக் கழி மேலே நிற்காதே என்று பலமுறை சொன்னதாகவும் சொன்னான். அதைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்தான்.

பாவாடையைக் கேட்டார்கள். பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் தெரியாது என்றான். அவனும் தோப்புக்குள் போனவன்தானே. மருதாசலம் குடித்தான் என்று சொன்னால் நீ எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள். கனகத்தைக் கேட்டார்கள். விழுந்த அதிர்ச்சியில் மயக்கம் போட்டுவிட்டேன் என்றாள். சீசாவை மருதாசலம் எடுத்துவந்ததை இரண்டு முழத் தூரத்தில் நின்று பார்த்தவள் அவள். அவளுக்குத் தனகோடியிடம்தான் வேலை, அவள் தம்பிக்கும் அங்கேதான் வேலை. சாட்சி சொல்லித் திரும்பும்போது அம்சவல்லியின் கன்னத்தைத் தொட்டாள்; சாமியம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் சாமியம்மாளைக் கேட்டார்கள். குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். புருஷன் இருந்த பக்கம் திரும்பவில்லை.

"அவுரு குடிக்கலீங்க. அடிபட்ட பொறவு நாந்தாங்க ஊத்துனேன். வாயத் தொறக்க மாட்டேன்னாரு, நாந்தான் நெம்பித் தொறந்து ஊத்துனேன்."

ராமலிங்கம் அவளையே பார்த்தான். அந்தப் பார்வை தன் கையில் விழுவது அவளுக்குத் தெரிந்தது. குழந்தை கையில் இருந்ததால் அதை ஒளிக்க முடியவில்லை.

சீசா ஏது என்று கலியமூர்த்தி கேட்டார். டிரைவர் கொடுத்தார் என்றாள். யார் பார்த்தார்கள் என்று கேட்டார். சாமியம்மாள் கனகத்தைப் பார்த்தாள், பாவாடையைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அப்படியானால் உன் சீசாதான் என்று கலியமூர்த்தி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஆபீசர் பேனாவை மூடி வைத்தார். அவள் சொல்வதை அவர் நம்பினார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நம்பி என்ன பிரயோஜனம்?

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. நீங்க ஊத்தினதா எழுதினா, டாக்டர் பாத்த வாசனைக்குக் காரணம் கிடைச்சுடுது. உங்க வீட்டுக்காரர் மேல குத்தம் இல்லை, அவர் வேலையும் நிக்கும். ஆனா சாராயம் கையில வெச்சிருந்தது குத்தம். இந்தக் காகிதம் போலீசுக்கும் போகும். ஆறு மாசம்கூடப் போடுவாங்க."

"எழுதுங்க. போயிட்டு வந்துர்றேன்" என்றாள், வடலூர்ச் சந்தைக்குப் போய்வருகிற மாதிரி. அந்த நேரம் பார்த்து அம்சவல்லி சிணுங்கி அவள் ரவிக்கையில் முகத்தைத் தேய்த்தது. பசி நேரம்.

ராமலிங்கம் கட்டையை ஊன்றி எழுந்தான். ஒரு தரம் சறுக்கி, சுவரைப் பிடித்து நிமிர்ந்தான்.

"அத்த எழுதாதீங்க. அது பொய் சொல்லுது. நாந்தான் குடிச்சேன்."

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார். சாமியம்மாள் குறுக்கே பேச வாயெடுத்தாள். அவன் அவள் பக்கமே திரும்பாமல் சத்தத்தை உயர்த்தினான். தோப்புக்குள் போய்க் குடித்தேன், வயிறு நிறையக் குடித்தேன் என்றான். முன்பே பழக்கம் உண்டா என்று ஆபீசர் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"தெனம் குடிப்பேங்க" என்றான் ராமலிங்கம். ஆறு வருஷத்தில் அவன் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். அதை அவன் நன்றாகவே சொன்னான்.

எழுதினார்கள், படித்துக் காட்டினார்கள், கைநாட்டு வாங்கினார்கள். அந்த வாரமே லிஸ்டில் அவனுக்கு அடுத்திருந்த பெயர் ஒரு படி மேலே ஏறியது. குடித்தேன் என்று சொன்னதற்குத் தனியாக ஒரு கேஸ் போட்டு அபராதம் விதித்தார்கள். சாமியம்மாளின் தோடு அதற்குப் போயிற்று. தனகோடி அவளுக்கு வேலை இல்லை என்று சொல்லவில்லை. நாளைக்கு வா என்று மட்டும் ஒரு மாதம் சொன்னார்.

விசாரணை முடிந்து வெளியே வந்த அன்றைக்கே சாமியம்மாள் அவனைத் திட்டித் தீர்த்தாள். ஆறு மாதம் ஒரு கணக்கா, ஆயுசுக்கும் இருந்திருக்கவேண்டிய வேலையை வாயால் ஊதிக் கெடுத்துவிட்டாயே என்று ரோடென்றும் பாராமல் கத்தினாள். அவன் நின்று கட்டையை மாற்றிப் பிடித்தான்.

"அம்சாவுக்கு நான் பால் குடுக்க முடியுமா?" என்றான்.

அவள் அம்சவல்லியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். நான் ஊற்றியதற்கு உனக்குக் கோபம்தானே என்று கொஞ்ச தூரம் போய்க் கேட்டாள்.

"கோவந்தான். அது வேற" என்றான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவன் எடுத்ததில்லை. வடலூருக்கும் அவன் போனதில்லை. கேட்டால் கட்டையைக் காட்டினான்.

அக்டோபரில் மதுவிலக்கு வாரம் வந்தது. டவுன்ஷிப் கடைத்தெருவில் ஒரு சாயங்காலம் கூட்டம் போட்டார்கள். தனகோடி தன் செலவில் மைக் செட்டும், மேடைக்கு லாரியும் கொடுத்திருந்தார். புளியமரத்தில் முட்டிய அதே லாரி. முகப்பு அடித்துச் சரிசெய்து பச்சைப் பெயின்ட் அடித்திருந்தது. பக்கப் பலகையை இறக்கி ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். மருதாசலம் காபின் கதவில் சாய்ந்து நின்றான். கூட்டத்தின் ஓரத்தில் ராமலிங்கமும் சாமியம்மாளும் கோணி விரித்து, அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வறுத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். இப்போது அவர்களுக்கு அதுதான் பிழைப்பு. கூட்டம் என்றால் இரண்டு படி கூடப் போகும்.

பேச வந்தவர் வெளியூர்க்காரர், குரல் வளம் உள்ளவர். குடியினால் கெட்ட குடும்பங்களைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டு வந்தார். யாரோ மேடையில் அவர் காதில் ஏதோ சொன்னார்கள். அவர் நிறுத்தினார், கூட்டத்தைத் துழாவினார், கையை நீட்டினார்.

"குடியின் கொடுமையைப் பார்க்க நாம் வேறெங்கும் போகவேண்டாம், தாய்மார்களே. அதோ, அந்த மனிதரைப் பாருங்கள்."

எல்லாத் தலைகளும் திரும்பின. த்சு த்சு என்றார்கள் சிலர். பிறகு யாரோ கைதட்ட, எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரும் தட்டியதால் மருதாசலமும் தட்டினான். அவன் கண் சிவந்திருந்தது. அன்றைக்கு வெயிலே இல்லை.

சாமியம்மாள் மடியிலிருந்த மல்லாட்டையெல்லாம் கொட்ட எழுந்து நின்றாள். போலீசாவது, ஆறு மாதமாவது, இன்றைக்கு அந்த மைக்கைப் பிடுங்கி எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று ஒரு அடி எடுத்து வைத்தாள். ராமலிங்கம் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"குந்து புள்ள. யேவாரத்தப் பாரு."

அவள் உட்கார்ந்தாள். பேசியவர் கையை இறக்குகிற வரைக்கும் ராமலிங்கம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.